எச்சரிக்கையைப் படமாக்காதீர்கள்

மழை தொடங்கினால் பசறையில் எங்கள் எல்லோருடைய போனுக்கும் ஒரே மாதிரிப் படம் வரும். மூன்று மொழியில் மண்சரிவு எச்சரிக்கை, பிரதேச செயலகங்களின் அட்டவணை, மஞ்சளும் சிவப்பும் பூசிய வரைபடம். யாரோ தாளைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் போட, அது பத்து குரூப் சுற்றி எழுத்தெல்லாம் கரைந்து வந்து சேரும். ஒருமுறை எங்களில் ஒருத்தரின் அப்பாயி, "நம்ம தோட்டம் இருக்கான்னு பாருங்கடா" என்றார். பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தோம். பசறை தெரிந்தது, திகதி தெரியவில்லை. ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை. அது முந்தின வாரத்துப் படமென்று விடிந்த பிறகுதான் தெரியும்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது இதே பதுளை மாவட்டத்தில்.

ஒரு எச்சரிக்கைக்குள் எழுத்து, அட்டவணை, வரைபடம், நேரம் என்று வெவ்வேறு சாமான்கள் இருக்கின்றன. எழுத்தையும் அட்டவணையையும் எச்டிஎம்எல்லில் எழுதலாம். வரைபடத்தை எஸ்விஜியில் கோடுகளாக எழுதி அதே பக்கத்துக்குள் வைக்கலாம். எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாது, அதில் 'பசறை' என்று தேடினாலும் அகப்படும். எந்தப் பந்தி எந்த மொழி என்று குறித்துவிட்டால், வாசித்துக் காட்டும் மென்பொருள் தமிழைத் தமிழாகவே வாசிக்கும். போட்டோ எடுத்த உடனே இதெல்லாம் வெறும் நிறப்புள்ளி ஆகிவிடுகிறது.

எச்சரிக்கைக்கென்றே 'கேப்' என்ற பொது வடிவம் இருக்கிறது. அதன் 1.2 பதிப்பு வந்தது 2010இல். ஒரே கோப்புக்குள் மொழிக்கொரு தகவல் பகுதி, ஆபத்தான இடத்தின் எல்லைப் புள்ளிகள், எத்தனை மணியோடு எச்சரிக்கை காலாவதியாகும் என்பது, வேண்டுமானால் படமும் ஒலியும். அந்தக் காலாவதி நேரம் ஒன்று இருந்திருந்தால் அப்பாயி தூங்கியிருப்பார். இலங்கைக்கு இது புதுசும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு லேர்ன்ஏசியாவும் சர்வோதயமும் கிராமங்களில் நடத்திய பரிசோதனையில் இதே வடிவத்தைத்தான் எடுத்தார்கள்.

படம் வேண்டாமென்று பிடிஎஃப் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாமினியில் அடித்த 'பசறை'க்குள் இருப்பது ஜி, ஆர், ஐ, டபிள்யூ என்ற நாலு ஆங்கில எழுத்துதான். கண்ணுக்குத் தமிழ், தேடினால் சைபர். யுனிகோட் வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நம்மாட்கள் பாமினியை விடமாட்டேன் என்கிறார்கள். என்ன பிடிவாதமோ.

"லயத்துல சிக்னலே இல்ல, உங்க எக்ஸ்எம்எல் யாருக்கு?" என்று கம்பஸ் நண்பர்கள் கேட்கிறார்கள். சிக்னல் இல்லாத இடத்துக்குத்தான் கேட்கிறோம். பிரித்து எழுதிய கோப்பிலிருந்து தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து எஸ்எம்எஸ் ஆக்கலாம், வானொலியில் வாசிக்கலாம், கோயில் ஒலிபெருக்கிக்குக் கொடுக்கலாம். கரைந்துபோன போட்டோவை வைத்து ஒலிபெருக்கியில் என்னத்தை வாசிக்க?

நாங்களும் ஒழுங்கில்லை. எங்கள் கூட்ட அழைப்பிதழ் எல்லாமே படம்தான், டிசைன் அழகாக இருக்கிறதென்று. பழையவற்றை இப்போது உட்கார்ந்து தட்டச்சிக்கொண்டிருக்கிறோம். அடுத்த மழைக்கு எச்சரிக்கைப் படம் வந்தால் அப்படியே தள்ளிவிடாமல், அதன் கீழே இடம், நிலை, திகதி, நேரம் நாலையும் யுனிகோடில் அடித்துத்தான் அனுப்புவதென்று எங்கள் குரூப்பில் பேசி முடித்திருக்கிறோம். திகதி தெரியாத படத்தை அனுப்புவதே இல்லை.