இடமே இல்லாவிட்டால் இடஒதுக்கீடு ஏது?

ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்துத் தெருவில், இரண்டு தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இயல்கள் பாக்கி. ஐந்தாண்டு உதவித்தொகை சென்ற மாதத்தோடு முடிந்துவிட்டது. வாடகை முடியவில்லை.

போரூர் பக்கம் ஓர் ஆன்லைன் கல்வி நிறுவனம் பாடம் தயாரிக்க ஆள் எடுக்கிறது. மாதம் 45,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "காலேஜ் வேலையாம்மா?" என்று கேட்டார். "இல்லம்மா, கம்பெனி." "அப்போ வாத்தியார் இல்லையா?"

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பிப்பதா, வேண்டாமா என்பது என் சொந்த விஷயம்தான். ஆனால் முதல் தலைமுறை ஆய்வாளர்கள் பலர் இதே கேள்வியோடு நிற்கிறார்கள். அதனால் பொதுவில் பேசுகிறேன்.

முதலில் இந்த வேலைக்கு ஏன் வந்து நிற்கிறோம்? தமிழ்நாட்டில் 2024 மார்ச்சில் அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்க அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் வகுப்பறைகளைத் தாங்கியவர்கள் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் கௌரவம், கையில் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். இந்தக் கணக்கில் ஆன்லைன் கம்பெனி பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆன்லைன் கல்வி சாதியைப் பார்க்காது என்கிறார்கள். 2020 ஜூன் 1, கேரளத்தில் ஆன்லைன் வகுப்புகள் தொடங்கிய முதல் நாள். மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டில் டிவி பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐஐடியின் ஆன்லைன் வகுப்பில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை ஒரு பேராசிரியர் கேவலமாகத் திட்டிய காணொளியை நாடே பார்த்தது. திரை சாதியை ஒழிக்கவில்லை. சிலரை உள்ளே விடவே இல்லை. உள்ளே வந்தவர்களை அங்கேயும் அவமதித்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த தரவு அறிவியல் ஆன்லைன் பட்டப்படிப்பில் ஜேஇஇ எழுதாமலே சேரலாம். குறைந்த வருமானமுள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. கோச்சிங் காசில்லாத பிள்ளைகளுக்கு அது ஒரு கதவுதான். கதவை நான் பழிக்கவில்லை.

என் பயம் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைப்படி, ஒரு பருவத்தில் ஒரு படிப்புக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகவே படித்து மதிப்பெண் பெறலாம். ஒருமுறை பதிவு செய்த பாடத்தை ஆயிரம் கல்லூரிகளில் ஓட்டலாம். பிறகு ஆயிரம் கல்லூரிகளிலும் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் எதற்கு என்று கணக்குப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு பணியிடங்களின் மேல்தான் நிற்கிறது. இடஒதுக்கீட்டை ஒழிக்க எந்த ஆணையும் போட வேண்டாம். இடத்தை ஒழித்தால் போதும். தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு கேட்கச் சட்டமும் இல்லை. ஆக, நான் தயாரிக்கப்போகும் பாடமே என் தங்கைக்குக் கிடைக்க வேண்டிய பணியிடத்தைத் தின்னலாம்.

அந்தக் கம்பெனி வேலையாவது நிலைக்குமா? பைஜூஸ் 2022 அக்டோபரில் 2,500 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது.

அப்படியானால் மறுத்துவிடலாமா? அண்ணல் அம்பேத்கர் 1917-இல் கொலம்பியா படிப்போடு நாடு திரும்பியவர். பரோடா அரசுப் பணியில் தங்குவதற்கு இடம்கூடக் கிடைக்காமல் பம்பாய் வந்தார். டியூஷன் எடுத்தார். முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுப்பதற்குச் சக பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர் அந்த வேலையைச் செய்தார், காசு சேர்த்தார், 1920-இல் பாதியில் விட்ட படிப்பை முடிக்க லண்டன் போனார். கிடைத்த வேலையைச் செய்ததில் அவருக்கு இழுக்கில்லை. அந்த வேலையை அவர் விடுதலை என்று நினைத்துக்கொள்ளவுமில்லை.

எனவே விண்ணப்பிக்கிறேன். நான் பட்டினி கிடப்பதால் ஒரு பணியிடமும் நிரம்பாது. நேர்காணலில், பாடம் எழுதும் குழுவில் எங்கள் மக்கள் எத்தனை பேர், தமிழில் பாடம் உண்டா என்று கேட்பேன். இரவில் மீதி இரண்டு இயல்களை எழுதுவேன். பேராசிரியர் தேர்வு எப்போது வந்தாலும் எழுதுவேன்.

ஆனால் என் சம்பளச் சீட்டைக் காட்டி "உங்களுக்குத்தான் வேலை கிடைக்கிறதே" என்று யாரும் சொல்ல வேண்டாம். அது நாங்கள் கேட்ட வேலை அல்ல. காலிப் பணியிடங்களை இனச்சுழற்சி முறையில் நிரப்புங்கள். பதிவு செய்த பாடத்தைக் காட்டி ஒரு பணியிடத்தையும் குறைக்காதீர்கள். தனியார் துறையிலும் இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் கொண்டுவாருங்கள். தோழர்களே, வேலைக்குப் போவோம். இந்தக் கோரிக்கைகளை விடாமல் போவோம். அம்மாவின் கேள்விக்கு "ஆமாம்மா, வாத்தியார்தான்" என்று ஒருநாள் நான் சொல்ல வேண்டும்.