வீராவுக்கு எந்த இன்ஜின்?

தைப்பிங்கிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 24, பிறையில் தொழிற்சாலை வேலை. வீட்டில் அப்பாவின் பழைய புரோட்டோன் வீரா 1.5, மேனுவல். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் இல்லாமல் ஓடியதில் இன்ஜின் வெந்துவிட்டது. அதைத் திறந்து செய்வதைவிட வேறு இன்ஜின் போடுவதே மேல் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். கையில் 9,000 வெள்ளி சேமிப்பு. "எப்படியும் மாற்றத்தான் போகிறேன் அண்ணே, மாற்றுவதை நல்லதாக மாற்றலாமே. 4ஜி63 டர்போவா, 4ஜி93 டர்போவா?" என்பது கேள்வி. அப்பாவுக்கு இதில் அவ்வளவாக விருப்பமில்லை என்று கடைசி வரியில் ஒரு தகவலும் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் ஆசையில் தப்பில்லை. வீராவின் உடம்பு மிட்சுபிஷி லான்சரின் உடம்பு. அதே குடும்பத்து இன்ஜின்கள் அதற்குள் உட்காருவது இயல்புதான். நம் நாட்டில் இந்த வேலை தெரிந்த போர்மன்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஜப்பானில் கார் பழசாக ஆக, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கட்டாயப் பரிசோதனைக்கு ஆகும் செலவு மக்களுக்குச் சலித்துவிடும். நன்றாக ஓடும் காரையே கழித்துவிடுவார்கள். அதன் முன்பாதியை வெட்டிக் கண்டெய்னரில் ஏற்றி அனுப்புவதுதான் நாம் சொல்லும் 'ஹாப் கட்'. இன்ஜின், கியர் பெட்டி, வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும்.

சரி, 4ஜி63 டர்போ. லான்சர் எவலூஷனில் இருந்தது, 1,997 சிசி. முதல் எவோவில் 250 குதிரைத்திறன், மூன்றாவதில் 270. வீராவுக்கு எடுப்பதென்றால் முதல் மூன்று எவோவிலிருந்துதான் எடுப்பார்கள். நான்காவதிலிருந்து மிட்சுபிஷி இன்ஜினையும் கியர் பெட்டியையும் 180 பாகை திருப்பி வைத்துவிட்டது. கடையில் "எவோ இன்ஜின்" என்று மட்டும் சொன்னால் எந்த எவோ என்று கேளுங்கள். கேட்காமல் வாங்கி வந்து, மவுண்டிங் எதுவும் பொருந்தாமல் பட்டறை மூலையில் தார்ப்பாயின் கீழ் கிடக்கும் இன்ஜின்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எவோவில் அந்தச் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. தம்பியின் வீராவில் முன் சக்கரம் இரண்டுதான் இழுக்கும். 250 குதிரையை அந்த இரண்டு சக்கரத்தில் கொட்டினால், ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். மழையில் சொல்லவே வேண்டாம். நான்கு சக்கரமும் இழுக்க வைக்கலாம்தான். அதற்குத் தரையை வெட்ட வேண்டும், பெட்ரோல் டாங்கியை மாற்ற வேண்டும், பின்பக்க அச்சு முழுவதையும் கொண்டுவர வேண்டும். 9,000 வெள்ளியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

4ஜி93 டர்போ கொஞ்சம் அடக்கமானது. 1,834 சிசி, லான்சர் ஜிஎஸ்ஆரில் 195 குதிரையாக வந்தது. வீராவுக்குள் எவோ இன்ஜினைவிட லேசாக உட்காரும். ஆனால் அந்தக் காரும் நான்கு சக்கர இழுவைதான். ஹாப் கட்டோடு வரும் கியர் பெட்டியை அப்படியே மாட்ட முடியாது. வேறு பெட்டி தேட வேண்டும், அதற்கேற்ற டிரைவ் ஷாப்ட் தேட வேண்டும். வீரா 1.5-இன் பழைய கியர் பெட்டியே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏறத்தாழ 90 குதிரைக்குச் செய்த பெட்டி அது. டர்போ இழுப்பில் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

தம்பி கேட்காத இரண்டு இன்ஜின்களையும் சொல்கிறேன். ஒன்று 4ஜி92 மிவெக். 1,597 சிசிதான், டர்போ கிடையாது, ஆனால் 175 குதிரை. ஜப்பானில் மிராஜ் சைபோர்க்கில் இருந்தது. சாலை வரியில் இதற்கு ஒரு தனி லாபம். தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 1,600 சிசி வரை 90 வெள்ளி. தம்பி இப்போது கட்டுவதும் அதுதான். 1,834 சிசிக்கு 297 வெள்ளி, 1,997 சிசிக்கு 378 வெள்ளி 50 காசு. வருடா வருடம் கட்டும் பணம், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மிவெக்கின் 175 குதிரையும் வெளியே வருவது 7,500 சுற்றில். அதுவரை மிதித்தால்தான் அதன் குணம் தெரியும். தினமும் பிறைக்குப் போய் வருபவர் காலை நெரிசலில் எத்தனை முறை 7,500 தொடப்போகிறார்? கம்ப்ரஷன் 11க்கு 1 என்பதால் ரோன்97 கேட்கும். வால்வு பக்கத்துச் சாமான் ஏதாவது போனால் மறுபடி ஹாப் கட் கடைக்குத்தான் அலைய வேண்டும்.

இன்னொன்று 4ஜி93 இரட்டை கேம், டர்போ இல்லாதது. சத்ரியா ஜிடிஐயில் இருந்ததே, அந்த வகை. ஏறத்தாழ 140 குதிரை. கேட்டவுடன் தம்பியின் முகம் வாடியிருக்கும், தெரிகிறது. நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளும் எண் இல்லை. ஆனால் ஒரு டன் எடையுள்ள வீராவில் 90 இருந்த இடத்தில் 140 என்றால் அது சின்ன மாற்றமே அல்ல. புரோட்டோன் தானே இந்த இன்ஜினை வீரா 1.8, புத்ரா, சத்ரியா ஜிடிஐ மூன்றிலும் போட்டு விற்றது. மவுண்டிங், கியர் பெட்டி, டிரைவ் ஷாப்ட், ரேடியேட்டர் எல்லாவற்றையும் உள்நாட்டுக் காரிலிருந்தே எடுக்கலாம், எதையும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் இதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். இன்ஜினுக்கு ஒரு வெள்ளி போனால் மற்றவற்றுக்கு இன்னொரு வெள்ளி போகும் என்பது பட்டறையில் நாங்கள் சொல்லும் கணக்கு. கிளட்ச், டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், ஆயில் சீல்கள், ஹோஸ்கள், வயரிங் கூலி. டர்போ என்றால் இன்டர்கூலர், பைப், பெரிய ரேடியேட்டர் வேறு. 9,000 வெள்ளியையும் இன்ஜினிலேயே போட்டுவிட்டால் கடைசியில் மிஞ்சாமல் போவது பிரேக்குக்கான பணம். எப்போதும் பிரேக்தான்.

வீரா 1.5-க்குப் பின் சக்கரத்தில் டிரம் பிரேக். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை நிறுத்துவதைவிட 140-இல் போகும் காரை நிறுத்த, பிரேக் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். வேகம் ஏறுவது 40 விழுக்காடு, பிரேக்கில் ஏறும் சூடு இரட்டிப்பு. என்னிடம் வந்த ஒரு வாடிக்கையாளர், நல்ல பையன், வேறொரு இடத்தில் 4ஜி63 போட்டிருந்தார். பிரேக் மட்டும் பழையது. அடுத்த போனஸில் செய்யலாம் என்று விட்டிருந்தார். கெந்திங்கிலிருந்து இறங்கும்போது மூன்றாவது வளைவிலேயே பெடல் பஞ்சுபோல ஆகிவிட்டது. தடுப்புச் சுவர் இருந்ததால் கால் முறிவோடு போயிற்று. கூட இருந்த தங்கைக்கு முகத்தில் தையல். கார் என்னிடம் வந்தபோது இன்ஜினில் ஒரு கீறல் இல்லை.

அதனால் தம்பி, சத்ரியா ஜிடிஐயின் முன் பின் டிஸ்க் பிரேக் முழு செட்டை முதலில் வாங்குங்கள். மாஸ்டர் பம்போடு. இன்ஜினுக்கு முன்பே அதை மாட்டிவிடுங்கள். மிஞ்சும் பணம் எந்த இன்ஜினுக்குப் போதுமோ அதுதான் உங்கள் இன்ஜின்.

கடைக்குப் போகும்போது உங்கள் போர்மனைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே கறுப்புக் களிம்பு அப்பியிருந்தால் அடுத்த இன்ஜினைப் பாருங்கள். காபி நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றட்டும். எங்காவது முட்டினால் வேண்டாம். கம்ப்ரஷன் பார்க்க விடும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். நான்கு சிலிண்டரும் பத்து விழுக்காட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். வயரிங் வெட்டப்படாமல் முழுதாக இருக்கிறதா, கம்ப்யூட்டர் அதே இன்ஜினுடையதா என்று பாருங்கள். மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நான் பார்ப்பதே இல்லை.

ரசீதும் சுங்கத்துறைத் தாளும் கையில் வராமல் பணத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள். இங்கேதான் அப்பாவின் விருப்பம் வருகிறது. கிரான் அவர் பெயரில் இருக்கிறது. கிரானில் உள்ள இன்ஜின் எண்ணும் சிசியும் மாற வேண்டும். அதற்கு ஜே.பி.ஜே. அனுமதி, புஸ்பாகோம் பரிசோதனை எல்லாம் உண்டு. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. "முதலில் மாட்டிவிடுவோம், தாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மாட்டுவதற்கு முன்பே ஜே.பி.ஜே.யில் விண்ணப்பியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். கிரானில் 1.5, பானட்டுக்குள் 1.8 டர்போ என்று நெடுஞ்சாலையில் ஏதாவது ஆகிவிட்டால், கடிதமும் கேள்வியும் வருவது தைப்பிங் வீட்டு முகவரிக்கு, அப்பாவின் பெயரில். எந்த இன்ஜின் என்பதை அவரை உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். அவர் மறுப்பது டர்போவைத்தானே தவிர, கார் மறுபடி ஓடுவதையா? கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். வெந்துபோன இன்ஜினோடு இருந்த ரேடியேட்டரையும் ஹோஸ்களையும் புது இன்ஜினுக்கு மாட்டவே மாட்டாதீர்கள், கழுவிக் கொடுத்தாலும் சரி. தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட் இரண்டும் புதிதாக, இன்ஜின் வெளியே இருக்கும்போதே. உள்ளே போன பிறகு அதே வேலைக்குக் கூலி இன்னொரு முறை. ஓடத் தொடங்கி 1,000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். அதுவரை பிறைக்குப் போகும் வழியில் சூட்டு முள்ளை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.