செஞ்சியில் ஒரு பகல்

இத்தாலியின் ரோம் நகருக்குச் செல்வோர் பலர், காலையில் பழங்கோட்டம், நண்பகலில் விருந்து, மாலையில் கடைவீதி என ஒரே நாளில் உலாவை முடித்துத் திரும்புகின்றனர். நம் கல்விச் சுற்றுலாக்களும் அவ்வாறே ஆகிவிட்டன. ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும் என்பது நம் கருத்து.

திண்டிவனத்திற்கு மேற்கே, விழுப்புரத்திற்கு வடமேற்கே, காலையில் பேருந்தேறி மாலையில் மீளத்தக்க தொலைவில் உள்ளது செஞ்சி. மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த அக்கோட்டையை 1677இல் சிவாஜியும், 1698இல் மொகலாயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும் கைக்கொண்டனர். 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் அஃது இடம்பெற்றது.

இராசகிரியில் ஏறி இறங்கிவிட்டால் கடமை முடிந்ததா? 1714இல், கப்பம் பற்றிய பூசலில், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்துத் தேசிங்கு வீழ்ந்தான். அதனை இரு சமயங்களின் போர் என்பாரும் உளர். ஆயின் மக்கள் பாடிய தேசிங்குராஜன் கதையோ, தன் திருமணத்தையும் விடுத்து வந்து, தேசிங்கின் பக்கம் நின்று பொருது உயிர்நீத்த இசுலாமிய நண்பனைப் போற்றுகிறது. சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் வேங்கடரமணர் கோயிலும் இன்றும் ஒரே கோட்டைக்குள் நிற்கின்றன.

ஆசிரியப் பெருமக்கள் இக்கதையை அங்கேயே மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். மாணவச் செல்வங்களே! கட்டுச்சோற்றை மரநிழலில் ஒருங்கமர்ந்து பகிர்ந்துண்ணுங்கள். குப்பையை அங்கு விட்டு வாராதீர். பிரிவினை பேசுவோர்க்கு மறுமொழி கூறும் அறிவோடு நீங்கள் இல்லம் திரும்ப வேண்டும் என்பதே நம் அவா.