ஆராட்டுக்கு ஒதுங்கும் விமானங்கள்

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வருஷத்துக்கு இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் ஓடுபாதையை மூடிவிடுவார்கள். பத்மநாபசுவாமி கடலில் நீராடப் போகும் ஆராட்டு ஊர்வலம் அதைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. விமான நிலையம் வந்தது 1932-ல். சாமி போகும் வழி அதற்கு முந்தியது. கழக்கூட்டத்தில் ஒரு அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் நான், புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லித்தான் முன்னுரிமைப் பாடத்தைத் தொடங்குவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு கால். "ஹலோ, கேக்குதா?" என்று இந்தப் பக்கம் நாலு பேர்; அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது பாதி வார்த்தை. மேலாளர் என் மேஜைக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, நூறு எம்பிபிஎஸ் லைன் போதாதா? இருநூறாக்கலாமா?"

ஒரு குரல் அழைப்புக்கு நூறு கிலோபிட் தாராளம். ஐம்பது பேர் சேர்ந்து பேசினாலும் ஐந்து மெகாபிட்தான். குரலுக்கு அகலம் வேண்டாம், காத்திருக்காமல் போனால் போதும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடியைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் ஒருவர் விழ ஆரம்பிப்பார்கள்.

கிராஃபைத் திறந்தேன். வெளியே போகும் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. ராத்திரி ஓடவேண்டிய பேக்கப்பை யாரோ காலையில் தட்டிவிட்டிருக்கிறார்கள். பேக்கப்பைச் சுமந்து போகும் டிசிபி நெறிமுறையின் குணம் அது: கிடைக்கிற இடத்தையெல்லாம் நிரப்பும். இருநூறு கொடுத்தால் இருநூறையும் தின்னும்.

ரவுட்டரில் குரலை முதல் வரிசையில் வைத்தேன். அடுத்து வீடியோ, பிறகு மெயிலும் பிரவுசரும். பேக்கப்பும் விண்டோஸ் அப்டேட்டும் கடைசியில். ஆனாலும் பட்டினி போடக்கூடாது, அவற்றுக்கும் குறைந்தபட்சப் பங்கு உண்டு. முதல் வரிசைக்கும் உச்சவரம்பு வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு கெட்டிக்காரர் தன் டவுன்லோடுக்கும் குரல் முத்திரை குத்திவிடுவார். (குத்தியிருக்கிறார்.) விமான நிலையத்திலும் அப்படித்தான்: ஓடுபாதை மூடும் நேரத்தை விமானங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், சாமி திரும்பியதும் திறக்கிறார்கள். நாள் முழுக்க மூடினால் அது விமான நிலையமா?

பேக்கப் வெளியே போவது என்பதால் கடிவாளம் நம் கையில் இருந்தது. உள்ளே வரும் வெள்ளத்துக்கு அணைபோட வேண்டியவர் இணைப்புத் தருபவர்; அவரிடம் பேசுவது தனிக்கதை.

லைன் இன்னும் நூறுதான். பேக்கப் ராத்திரி ஒரு மணிக்கு ஓடுகிறது.