பிள்ளைக்கு எத்தனை கரண்டி? ஊட்ட யாருக்கு நேரம்?



சம்பளம், வீடு, காணி, சேமலாப நிதி என்று இந்தப் பக்கங்களில் தொடர்ந்து எழுதி வருகிறோம். இம்முறை ஆறு மாதப் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறோம். "இது பொம்பளைங்க விஷயம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். யட்டவத்தப் பக்கத்து லயங்களில் கைப்பிள்ளை உள்ள வீட்டு வாசலில் நின்றால் திரும்பத் திரும்பக் காதில் விழும் பேச்சு இதுதான்: "பிள்ளைக்கு எப்போ சோறு தொடங்குறது? எவ்வளவு குடுக்கிறது?" பாட்டி ஒன்று சொல்கிறார். குடும்பநல உத்தியோகத்தர் வேறொன்று சொல்கிறார். கடையில் பால்மா பெட்டி சிரித்துக்கொண்டு நிற்கிறது.

எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைக் கீழே தெளிவாக எழுதுகிறோம். அந்த அளவை ஊட்டுவதற்குத் தோட்டத்துத் தாய்க்கு நேரம் இருக்கிறதா, பிள்ளைக்காம்பராவில் ஆள் இருக்கிறதா, சட்டியில் போட முட்டை இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. அந்த இடத்தில் இது தொழிற்சங்க விஷயமாகிவிடுகிறது.

நூறு பிள்ளையில் முப்பத்திரண்டு

2016 ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் இது நூற்றுக்கு 32. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"நம்ம ஆளுங்களே குட்டைதானே, வம்சம் அப்படி" என்று நம்மில் பலரே சொல்லிக்கொள்கிறோம். இது சரியல்ல. இந்தியா, பிரேசில், கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைகளை உலக சுகாதார ஸ்தாபனம் 1997 முதல் 2003 வரை அளந்து பார்த்தது. நல்ல சாப்பாடும் தாய்ப்பாலும் சுத்தமும் கிடைத்தால், முதல் ஐந்து வயதில் எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளரும் என்று அது காட்டியது. நமது கிளினிக் அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோடுகள் அந்த அளவிலிருந்து 2006 இல் வந்தவை. ஆகவே நம் பிள்ளை அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் வம்சத்தின் மேல் பழி போட வேண்டாம். தாயின் கர்ப்பகாலச் சாப்பாட்டையும், பிள்ளை பிறந்த பின் இரண்டு வருடச் சாப்பாட்டையும், அடிக்கடி வரும் வயிற்றோட்டத்தையும், லயத்துத் தண்ணீரையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் தவறவிட்ட உயரத்தைப் பின்னால் முழுதாகப் பிடிப்பது மிகக் கடினம்.

அளவு இதுதான்

முதல் ஆறு மாதம், அதாவது 180 நாள், தாய்ப்பால் மட்டும். தண்ணீரும் வேண்டாம், சீனித்தண்ணியும் வேண்டாம், தேனும் வேண்டாம். தேனை ஒரு வயது முடியும் வரை கொடுக்கவே கூடாது; அதிலிருந்து கைப்பிள்ளைக்கு ஆபத்தான நோய் வரலாம்.

ஆறு மாதம் முடிந்ததும் சாப்பாடு தொடங்க வேண்டும். பல் முளைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் ஒரு வேளைக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டி போதும். நன்றாக மசித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எட்டு மாதம் முடிவதற்குள் ஒரு வேளைக்கு அரைக் கோப்பை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நாம் சொல்லும் கோப்பை 250 மில்லிலீற்றர் பிடிக்கும் கோப்பை. ஆறு முதல் எட்டு மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று வேளை.

ஒன்பது மாதத்திலிருந்து மூன்று, நான்கு வேளை. ஒவ்வொரு வேளையும் அரைக் கோப்பை. இடையில் ஒன்றிரண்டு தடவை வாழைப்பழமோ அவித்த கிழங்கோ கொடுக்கலாம். இப்போது மசிக்காமல் சிறிதாக நறுக்கியும் கொடுக்கலாம்.

ஒரு வயதுக்குப் பின் வீட்டுச் சட்டியில் உள்ளதே பிள்ளைக்கும். உறைப்பு மட்டும் குறைய வேண்டும். மூன்று, நான்கு வேளை. முக்கால் கோப்பையிலிருந்து ஒரு கோப்பை வரை. தாய்ப்பாலை இரண்டு வயது வரைக்கும், அதற்கு மேலும் தொடரலாம். சாப்பாடு தொடங்கியதும் பாலை நிறுத்திவிடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. ஒரு வயது வரை பிள்ளைக்குத் தேவையான சக்தியில் பாதியோ அதற்கு மேலோ பாலிலிருந்துதான் வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

இது பொதுவான அளவு. பிள்ளை தலையைத் திருப்பினால் வாயைப் பிடித்துத் திணிக்கக் கூடாது. இன்னும் கேட்டால் கொடுக்க வேண்டும். காய்ச்சல், வயிற்றோட்டம் வந்தால் சாப்பாட்டை நிறுத்தாமல், அடிக்கடி பாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடும் கொடுங்கள். சுகமான பிறகு சில நாளைக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். எடை குறைந்து பிறந்த பிள்ளை, எடை ஏறாத பிள்ளை என்றால் கிளினிக்கில் காட்டி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

தண்ணிக் கஞ்சியும் தேத்தண்ணியும்

எட்டு மாதப் பிள்ளையின் வயிற்றில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 200 மில்லிலீற்றர்தான் கொள்ளும். அந்தச் சின்ன வயிற்றைத் தண்ணிக் கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாமல் ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் பதம்.

அடுத்தது தேத்தண்ணி. நாம் கொழுந்து பறிக்கும் மக்கள். தேயிலையைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனாலும் சாயத்தண்ணியில் பிஸ்கட்டை ஊறவைத்து ஊட்டுவதைக் கைவிடத்தான் வேண்டும். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராதபடி தேயிலைச் சாயம் தடுக்கிறது. தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டு வந்த இரும்புச்சத்தோ ஆறு மாதமாகும்போது குறைந்துவிடுகிறது. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு இன்னும் முன்பே குறைந்துவிடும். அந்த நேரத்தில்தான் நாம் சாயத்தண்ணியை நீட்டுகிறோம்.

சோற்றோடு பருப்பு, முட்டை, மீன், ஈரல் போன்றவற்றில் ஏதாவது ஒன்று தினமும் சேர வேண்டும். நெத்தலிக் கருவாட்டின் தலையையும் குடலையும் நீக்கி, ஊறவைத்து உப்புப் போகக் கழுவி, வறுத்துப் பொடித்து வைத்தால் ஒரு கரண்டியைச் சோற்றில் பிசைந்துவிடலாம். யட்டவத்தப் பக்கம் நமக்கு வாய்ப்பான மண். முருங்கையும் பப்பாசியும் பூசணியும் வாழையும் வளரும். லயத்துக்குப் பின்னால் நான்கு அடி நிலம் கிடைத்தாலும் பிள்ளைக்குக் கீரை வரும். அந்த நான்கு அடிக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருப்பதால்தான் காணியுரிமையைப் பற்றி இந்தப் பக்கங்களில் ஓயாமல் பேசுகிறோம்.

110 நாள்

இனி வேலைத்தளத்துக்கு வருவோம். 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நமக்கு 12 வாரம் தருகிறது. மூன்றாவது பிள்ளையிலிருந்து விடுமுறையைக் குறைக்கும் பழைய பாகுபாடு 2018 இல் வந்த திருத்தத்தோடு நீங்கியது. அது தொழிலாளருக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் 12 வாரத்தில் இரண்டு வாரம் பேற்றுக்கு முன்னால் போய்விட்டால், பிள்ளை பிறந்தபின் மிஞ்சுவது 10 வாரம், அதாவது 70 நாள்.

180 நாள் தாய்ப்பால் மட்டும் கொடு என்று அரசாங்கமே சொல்கிறது. 70 நாளில் மலைக்குப் போ என்று அரசாங்கத்தின் சட்டம் சொல்கிறது. நடுவில் உள்ள 110 நாளுக்கு யார் பொறுப்பு? மூன்று மாதப் பிள்ளைக்குப் பிஸ்கட்டைக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. பாட்டிக்கு அறிவில்லாமல் அதைக் கொடுக்கவில்லை. பிள்ளை அழுகிறது, தாய் மலையில் நிற்கிறாள், கையில் வேறொன்றும் இல்லை.

அரச ஊழியத்தில் உள்ள தாய்க்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்தோடு விடுமுறை. அது முடிந்தபின் அரைச் சம்பளத்தில் 84 நாள், வேண்டுமானால் சம்பளமில்லாமல் இன்னும் 84 நாள். அந்தத் தாய்க்கு அது கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. நமது பிள்ளையின் வயிறு மட்டும் ஏன் சின்னதாகக் கணக்கிடப்படுகிறது என்றுதான் கேட்கிறோம். சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனத்தின் 183 ஆம் சமவாயம் 2000 ஆம் ஆண்டிலேயே குறைந்தது 14 வாரம் என்று சொல்லிவிட்டது.

ஒன்பது மணி நேரம்

ஆறு மாதம் முடிந்த பிள்ளையின் கணக்கைப் பாருங்கள். தாய் காலை ஏழரைக்குப் போய் மாலை நாலரைக்குத் திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரம். பிள்ளை சாப்பிட வேண்டிய மூன்று வேளையில் இரண்டு இந்த நேரத்துக்குள் விழுகிறது. இறப்பர் மலையில் பால் வெட்டப் போகும் தாய் அதற்கும் முன்பே கிளம்ப வேண்டும். விடியற்காலைப் பாலும் தவறிப்போகிறது. ஆகவே பிள்ளை வளருமா வளராதா என்பது பெரும்பாலும் பிள்ளைக்காம்பராவில் முடிவாகிறது.

சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாததால் அழுத்தி எழுதுகிறோம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இல்லாத இடத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இதைச் சாப்பாட்டு நேரத்தில் கழிக்க முடியாது. அது வேறு, இது வேறு. இந்த இடைவேளையை வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனத்தின் 103 ஆம் சமவாயம் சொல்கிறது. இலங்கை அதை 1993 இல் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறது.

சட்டம் கடதாசியில் இருக்கிறது. தராசு மலையில் இருக்கிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்க இறங்கி ஏறினால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக ஆனபோதும், முழுப்பேர் விழாத தாய்க்கு அந்தத் தொகை முழுதாகக் கைக்கு வரவில்லை. இடைவேளை கொடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் சொல்லும். கொழுந்தின் அளவைக் குறைக்காமல் இடைவேளை மட்டும் கொடுப்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுதான். கைக்காசு வேலைக்கும், பதிவில்லாத நாட்கூலிக்கும் போகும் தாய்க்கு இந்தப் பேச்சே கிடையாது.

திரிபோஷாவையும் சொல்ல வேண்டும். 1973 முதல் இந்த நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்கு அது துணையாக இருக்கிறது. 2022 நெருக்கடியில் சோளம் கிடைக்காமலும், கிடைத்த சோளத்தில் பூஞ்சண நச்சு இருந்ததாலும், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான திரிபோஷா தடைப்பட்டது. உண்மையில் தேவைப்பட்ட காலத்தில்தான் அது இல்லாமல் போனது. எடை குறைந்த பிள்ளைக்குக் கிடைக்கும் திரிபோஷாவை வீட்டில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். பசித்த வீட்டில் ஒரு பொதியை ஒரு பிள்ளைக்கு மட்டும் பூட்டி வைக்க முடியுமா?

நாம் கேட்பது

"தாய்மாருக்கு விளக்கம் போதாது, ஒரு வகுப்பு வைப்போம்" என்பது நிர்வாகங்களிடமிருந்து அடிக்கடி வரும் பதில். வகுப்பை நாம் மறுக்கவில்லை. மேலே எழுதிய அளவுகளை ஒவ்வொரு லயத்திலும் வாசித்துக் காட்டுங்கள். வகுப்போடு இவையும் வேண்டும்:

பாலூட்டும் தாய்மாருக்கு இரண்டு இடைவேளையும் முழுதாகக் கிடைக்க வேண்டும்; அதற்கேற்பக் கொழுந்து, பால் வெட்டு அளவைக் குறைத்து முழுப்பேர் போட வேண்டும். பிள்ளை சிறிதாக உள்ள தாயைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்டிய மலையில் போட வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்காம்பராவிலும் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்க வேண்டும். சுத்தமான தண்ணீரும் அடுப்பும் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அங்கேயே இரண்டு வேளை சூடான, கெட்டியான சாப்பாடு வேண்டும். அதில் முட்டையோ மீனோ பருப்போ இருக்க வேண்டும். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் தோட்ட நிர்வாகங்களும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும் இதை ஒருவர் மேல் ஒருவர் தள்ளாமல் பொறுப்பெடுக்க வேண்டும்.

மகப்பேற்று விடுமுறை ஆறு மாதமாக உயர வேண்டும். அதன் செலவைத் தனியே முதலாளியின் தலையில் கட்டினால் இளம் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள். ஆகவே அரசும் பங்கேற்கும் ஒரு நிதி வேண்டும்.

நமக்குள்ளும் ஒரு வார்த்தை. தோழர்களே, மாலையில் தாய் விறகும் தண்ணீரும் பார்க்கும் நேரத்தில் தகப்பன் பிள்ளையை மடியில் வைத்து அரைக் கோப்பைச் சோறு ஊட்டலாம். ஆண் கை ஊட்டினால் சோறு இறங்காது என்று எந்த வைத்தியரும் சொன்னதில்லை. சம்பள நாளில் சாராயக் கடைப் பக்கம் போகும் காசில் ஒரு பங்கு முட்டையாக வீடு வந்து சேரட்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கைப்பிள்ளைத் தாய்மாரையும் அழையுங்கள். இடைவேளை மறுக்கப்பட்டால் நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துத் தலைவரிடம் கொடுங்கள். எழுத்தில் இருந்தால்தான் தொழில் திணைக்களத்தில் பேச முடியும்.

பேருக்கும் கிலோவுக்கும் போராடத் தெரிந்த நமக்கு, அரைக் கோப்பைச் சோற்றுக்குப் போராடவும் தெரிய வேண்டும்.