கட்டாக்காலியும் கணினியும்

நெடுந்தீவிலே குதிரைகள் மேய்ந்து திரிவதை இம்மலரை வாசிப்போருட் பலர் கண்டிருப்பர். ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் அத்தீவிலே வளர்க்கப்பட்டு, பின்னர் உரியவர் இன்றி எஞ்சிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. கால்நடைகள் கயிறும் கட்டையும் இன்றித் திரியுமிடத்து அவற்றைக் கட்டாக்காலி என்பது நம்மவர் வழக்கு. கணினிக்குள்ளும் கட்டாக்காலிகள் உண்டு. அவற்றுக்குப் பொறுப்பாவார் யார் என்னும் வினாவுக்கு நம் மாணவர்க்கு நாம் அரை விடையே அளித்து வருகின்றோம் என்பது எமது கருத்து.

செய்நிரல் ஒன்று இயங்குங்கால், பெயர், எண், பட்டியல் முதலிய பொருள்களுக்கு நினைவகத்திலே இடம் பெற்றுக்கொள்கின்றது. ஒவ்வொரு பொருளையும் அது ஒரு சுட்டினாற் பற்றி நிற்கும். இலக்கணத்திற் சுட்டு என்பது பொருளன்று, பொருளைக் காட்டுவது. கணினியிற் சுட்டும் அத்தகையதே. அதனை மாட்டைக் கட்டிய கயிறு எனக் கொள்ளினும் பொருந்தும். கடைசிக் கயிறும் அவிழ்ந்தபின் அப்பொருளை அடைய வழியில்லை. இடத்தை மட்டும் அது அடைத்துக்கொண்டு கிடக்கும்.

சி முதலிய மொழிகளில் அவ்விடத்தை மீட்பது செய்நிரல் எழுதுவோன் கடமை. அக்கடமையை இயந்திரத்துக்கே விடும் வழியை ஜோன் மக்கார்தி என்னும் அறிஞர் தமது லிஸ்ப் மொழிக்கு வகுத்து, 1960ஆம் ஆண்டில் வெளியிட்டார். வேரிலிருந்து தொடங்கிச் சுட்டின் வழியே சென்று, அடையக்கூடிய பொருளுக்கெல்லாம் குறியிட்டு, குறி பெறாதவற்றின் இடத்தை மீட்பது அவர் முறை. அதே ஆண்டில் ஜோர்ஜ் கொலின்ஸ் என்பார் வேறொரு முறையைக் காட்டினார். ஒவ்வொரு பொருளையும் எத்தனை சுட்டுகள் பற்றி நிற்கின்றன என எண்ணி வருதலும், எண் சுழியமானவுடனே இடத்தை மீட்டலும் அம்முறையாகும். இன்றைய ஜாவா முன்னையதன் வழி வந்தது. நம் மாணவர் பயன்படுத்தும் பைதன் பின்னையதனைக் கொண்டது. ஒன்றையொன்று சுட்டி வட்டமாய் நிற்கும் பொருள்களையும் நீக்கும் துணைமுறை 2000ஆம் ஆண்டில் அதனோடு சேர்ந்தது.

இவ்வளவும் நன்றே. ஆயினும் இக்குப்பை சேகரிப்பானின் கண் நினைவகம் ஒன்றன்மீதே உள்ளது என்பதை மறத்தலாகாது. திறந்த கோப்பும், தரவுத்தளத்தோடு கொண்ட இணைப்பும் செய்நிரலின் சொந்தச் சொத்தல்ல. பிறரிடம் இரவலாகப் பெற்றவை. ஊர்ப்பொதுக் கிணற்றின் வாளியை அவற்றுக்கு உவமையாகச் சொல்லலாம். நீர் அள்ளியவன் வாளியைக் கட்டிலே வைத்துச் செல்லவேண்டும். வீட்டு மூலையில் எறிந்துவிட்டு, கூட்டுபவள் வந்து எடுப்பாள் என்றிருப்பானேல், அவள் வருமளவும் ஊரார் தாகத்தோடு நிற்பர்.

இஃது வெறும் உவமையன்று. போஸ்கிறெஸ் என்னும் தரவுத்தளம், அமைப்பை நாம் மாற்றாதவிடத்து, ஒரே வேளையில் 100 இணைப்புகளுக்கு மேல் இடந்தராது. ஒரு மருத்துவமனைப் பதிவேட்டுச் செய்நிரல் பெற்ற இணைப்புகளை மூடாது விடின், அவ்வெல்லை எட்டியதும் அடுத்த நோயாளியின் பதிவு மறுக்கப்படும். நினைவகமோ அப்போதும் தாராளமாய் இருக்கும். ஆதலின் சேகரிப்பான் எழுந்து வருவதற்குக் காரணமே இராது. அந்நோயாளி காத்திருப்பார், பிழை எங்கென ஒருவருக்கும் விளங்காது.

நம் பாடசாலைகளின் நிலை யாது? உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திற் பைதன் கற்பிக்கப்படுகின்றது. வழமையான பைதன், கோப்பைப் பற்றிய கடைசிச் சுட்டு நீங்கிய அக்கணமே பெரும்பாலும் அதனை மூடிவிடுகின்றது. எனவே மூட மறந்த மாணவனுக்கும் விடை சரியாகவே வருகின்றது. ஆசிரியரும் புள்ளி இடுகின்றார். ஆனால் அஃது எண்ணும் முறையினால் நேர்ந்த உபகாரமேயன்றி, மொழி அளித்த உறுதியன்று. அதே செய்நிரலைப் பைபை என்னும் வேறொரு பைதனில் இயக்கினால் கோப்பு உடனே மூடப்படாது. ஜாவாவிலும் அவ்வாறே. இலங்கையிலே உருவாக்கப்பட்ட பலறீனா என்னும் மொழியும் ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்தின்மீதே இயங்குகின்றது. நம் பிள்ளைகள் தொழில் தேடிச் செல்லும் இடங்களிலே சந்திக்கப்போவது பெரும்பாலும் இவ்விரண்டாம் வழக்கமே.

“மொழியே துப்புரவு செய்கையில், தொடக்க மாணவன் தலையில் இச்சுமை எதற்கு? முதலில் ஆர்வம் பிறக்கட்டும்” என்பாரும் உளர். அவர் கூற்றில் நியாயம் உண்டு. நினைவகத்தின் நுட்பங்களைப் பதினாறு வயதினர்க்குப் புகட்டுக என்று யாமும் சொல்லவில்லை. ஆனால் இரவலைத் திருப்பிக் கொடுத்தல் நுட்பமன்று, பழக்கம். பைதனின் 2.5ஆம் பதிப்பில், 2006ஆம் ஆண்டில் அறிமுகமான ‘வித்’ என்னும் கூற்று, தன் எல்லை முடிந்தவுடனே, இடையிற் பிழை நேர்ந்தாலுங்கூட, கோப்பை மூடிவிடும். அதனைக் கற்பிக்க ஒரு வரி போதும். ஜாவாவும் இதனையொத்த வசதியை 2011ஆம் ஆண்டிற் பெற்றது.

மொழியை ஆக்கியோரே இவ்வுண்மையை அனுபவத்தாற் கண்டனர். பொருளை நீக்குமுன் இறுதிக் கடன் செய்வதற்கென ஜாவாவிலே தொடக்கந்தொட்டு ‘பைனலைஸ்’ என்றொரு முறை இருந்தது. அஃது எப்போது இயங்கும், இயங்குமா என்பதே உறுதியில்லை. 2017ஆம் ஆண்டில் அது கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில், வருங்காலப் பதிப்பொன்றில் முற்றாக நீக்கப்படும் எனவும் குறிக்கப்பட்டது. வல்லுநர் கைவிட்ட நம்பிக்கையை மாணவர் மனத்தில் நாம் ஏன் விதைத்தல் வேண்டும்?

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. அவிழ்க்க மறந்த கயிறும் கேடே. என்றோ பயன்பட்ட பொருளைப் பட்டியலொன்றிலே சேர்த்துவிட்டு மறந்தால், சுட்டு இருக்குமளவும் சேகரிப்பான் அதனைத் தொடாது. நினைவகம் நாளடைவில் நிரம்பிவிடும். பொருளைக் காட்டுமேயன்றிக் கட்டிவைக்காத நொய்ந்த சுட்டு 1998ஆம் ஆண்டில் ஜாவாவிற் சேர்ந்தது இக்குறையை ஒருவாறு தீர்ப்பதற்கே. எனினும் எது வேண்டும், எது வேண்டா என்பதை எழுதுவோனே அறிவான், இயந்திரம் அறியாது.

ஆதலின் யாம் வேண்டுவது சிறிதே. செயன்முறைத் தேர்வுகளிலே, விடை சரியாயினும் திறந்ததை மூடாத செய்நிரலுக்கு முழுப்புள்ளி அளியாதிருப்போமாக. கணினித் துறையிற் பணியாற்றும் பழைய மாணவர்கள், விடுமுறையில் ஊருக்கு வருங்கால், ஒரு பிற்பகலைக் கல்லூரி மாணவர்க்கு ஒதுக்கி, மூடாத இணைப்பொன்று எவ்வாறு ஒரு சேவையையே நிறுத்தும் என்பதைக் கண்முன்னே இயக்கிக் காட்டுவாராக. கட்டிடமும் கருவியும் அளித்தல் பெரிது. அக்கருவியைப் பயன்படுத்தும் ஒழுக்கத்தை அளித்தல் அதனினும் பெரிது.