மண்ணை விற்ற தீவு

சிட்னி நகரத்தில் ஒரு கம்பெனி ஆபீஸ். அங்கே ஒரு கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். பசிபிக் கடல் தீவு ஒன்றிலிருந்து கொண்டுவந்த கல் அது. பார்ப்பதற்கு, மரக்கட்டை கல்லாகிப் போனது போல் இருந்தது.

1899-ம் ஆண்டு, ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியருக்கு அந்தக் கல்லின் மேல் சந்தேகம் வந்தது. ஒரு துண்டை உடைத்துச் சோதித்தார். முதல் தரமான பாஸ்பேட்!

பாஸ்பேட் என்றால் என்ன? வயலுக்குப் போடும் சூப்பர் பாஸ்பேட் உரம் நம் விவசாயிகளுக்குத் தெரியும். அந்த உரம் இந்தக் கல்லிலிருந்துதான் தயாராகிறது.

கல் வந்த தீவின் பெயர் நவுரு. கதவுக்கு முட்டுக்கொடுத்த அந்தக் கல்தான் அந்தத் தீவைப் பணக்கார நாடாக ஆக்கியது. பிறகு ஓட்டாண்டி ஆக்கியதும் அதுதான். இப்போது கடல் மட்டம் உயர்கிறது. ஏறி நிற்க இடம் எங்கே என்று நவுரு மக்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தொப்பி போல ஒரு தீவு

ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, நடுக்கடலில் இருக்கிறது நவுரு. பரப்பளவு 21 சதுர கிலோ மீட்டர். ஜனத்தொகை சுமார் 12 ஆயிரம். நம் பக்கத்தில் இது ஒரு பெரிய கிராமம். ஆனால் அது தனி நாடு. ஜனாதிபதி உண்டு. ஐ.நா. சபையில் ஒரு ஓட்டும் உண்டு.

தீவைச் சுற்றி 19 கிலோ மீட்டர் ரோடு போகிறது. காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.

ஒரு தொப்பியைத் தரையில் வைத்துப் பாருங்கள். நவுரு அப்படித்தான் இருக்கும். தொப்பியின் விளிம்பு, கடற்கரை. நடுவில் உயர்ந்த பாகம், மேட்டு நிலம். சில இடங்களில் 200 அடிக்கு மேல் உயரம். வீடு, பள்ளிக்கூடம், சர்க்கார் ஆபீஸ், விமான நிலையம் எல்லாம் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன.

பசிபிக் கடலில் துவாலு, கிரிபாட்டி போன்ற தீவு நாடுகள் இருக்கின்றன. அங்கே பெரும்பாலான நிலம் கடல் மட்டத்துக்குமேல் இரண்டு, மூன்று மீட்டர்தான். கடல் பொங்கினால் ஓடி ஏறுவதற்கு மேடே கிடையாது. அதனால் கிரிபாட்டி 2014-ல் பிஜித் தீவில் நிலம் வாங்கிப் போட்டது. துவாலு ஆஸ்திரேலியாவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம்.

நவுருவுக்கு அந்தக் கஷ்டம் இருந்திருக்கக்கூடாது. மேடு இருக்கிறதே! ஆனால் அந்த மேட்டைத்தான் வெட்டி விற்றுவிட்டார்கள். தீவில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் தோண்டப்பட்டுவிட்டது.

டன்னுக்கு அரையணா

எல்லிஸ் கல்லைக் கண்டுபிடித்தபோது நவுரு ஜெர்மனியின் வசம் இருந்தது. ஒரு பிரிட்டிஷ் கம்பெனி அனுமதி வாங்கித் தோண்டத் தொடங்கியது. 1907-ல் பாஸ்பேட் கப்பல் ஏறியது.

நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? டன்னுக்கு அரைப் பென்னி. அந்தக் காலத்து நம் கணக்கில் அரையணா!

1914-ல் ஆஸ்திரேலியப் படை தீவைப் பிடித்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து பாஸ்பேட்டை எடுத்துக்கொண்டன. ஆஸ்திரேலியாவின் மண்ணில் பாஸ்பேட் சத்து குறைவு. நவுருவின் மண்ணைக் கொட்டித்தான் அங்கே கோதுமையும் புல்லும் செழித்தன. உலக மார்க்கெட் விலையைவிடக் குறைந்த விலைக்கே அது போயிற்று.

நவுருவில் பாஸ்பேட், பவளப்பாறைத் தூண்களுக்கு நடுவில் அடைந்து கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்தபின் தூண்கள் மட்டும் நின்றன. கூர்கூராக, ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு உயரமாக, கண்ணுக்கெட்டிய தூரம் அதே காட்சி. அங்கே வீடு கட்ட முடியாது. தென்னை வைக்க முடியாது. ஒழுங்காக நடக்கவும் முடியாது.

நடுவில் போர் வந்தது. 1942-ல் ஜப்பான் படை நவுருவைப் பிடித்தது. மறு ஆண்டு 1,200 நவுரு மக்களைக் கப்பலில் ஏற்றி டிரக் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பசியிலும் நோயிலும் பலர் மாண்டார்கள். 1946-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதி உயிரோடு ஊர் திரும்பியவர்கள் 737 பேர்.

"வேறு தீவு தருகிறோம்"

1960-களில் ஆஸ்திரேலிய சர்க்கார் ஒரு யோசனை சொன்னது. பாஸ்பேட் தீர்ந்துபோகும், தீவு இருப்பதற்கு லாயக்கு இல்லாமல் போய்விடும், குவீன்ஸ்லாந்து கரை ஓரம் கர்ட்டிஸ் என்ற தீவு இருக்கிறது, அங்கே வந்துவிடுங்கள் என்றது.

நவுரு மக்கள் யோசித்தார்கள். போனால் ஆஸ்திரேலியப் பிரஜைகளாக வாழலாம். ஆனால் நவுருக்காரர்கள் என்ற தனி இனமாக, தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ள முடியாது. 1964-ல் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

1968-ல் நவுரு சுதந்திரம் அடைந்தது. ஹாமர் டி ராபர்ட் முதல் ஜனாதிபதி ஆனார். சுதந்திரத்துக்கு அவர்கள் பிடித்த நாள் எது தெரியுமா? ஜனவரி 31. டிரக் தீவிலிருந்து மிஞ்சியவர்கள் திரும்பிய அதே நாள்.

பாஸ்பேட் சுரங்கத்தை 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து நவுரு விலைக்கு வாங்கியது. தன் மண்ணைத் தோண்டும் உரிமையைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது!

பணம் கொட்டிய காலம்

1970-களில் தலைக்கு வருமானம் என்று கணக்குப் பார்த்தால், உலகத்தின் பெரும் பணக்கார நாடுகளில் நவுருவும் ஒன்று. வருமான வரி கிடையாது. வைத்தியம் இலவசம். படிப்பு இலவசம். தீவுக்குச் சொந்தமாக ஆகாய விமானக் கம்பெனி.

பாஸ்பேட் தீர்ந்தபிறகு பிள்ளைகுட்டிகள் பிழைக்க வேண்டுமே என்று பணத்தைச் சேமிக்கவும் செய்தார்கள். சேமிப்பு நிதி நூறு கோடி டாலரைத் தாண்டியது. மெல்போர்னில் 52 மாடிக் கட்டிடம் கட்டினார்கள். பாஸ்பேட்டுக்கும் கடல் பறவைகளின் எச்சத்துக்கும் சம்பந்தம் உண்டல்லவா? உள்ளூர்க்காரர்கள் அந்தக் கட்டிடத்துக்குப் 'பறவை எச்ச மாளிகை' என்று கேலிப்பெயர் வைத்தார்கள்.

சேமித்தது சரி. பணத்தைக் காத்த விதம் சரியில்லை. யார் யாரோ வந்து யோசனை சொன்னார்கள். கேட்ட இடத்தில் எல்லாம் பணம் போட்டார்கள். 1993-ல் லண்டனில் ஒரு சங்கீத நாடகத்துக்குக்கூட முதலீடு! ஓவியர் லியனார்டோ டாவின்சியைப் பற்றிய நாடகம். சில வாரங்களில் நின்றுபோயிற்று. விமானக் கம்பெனி பணத்தை விழுங்கியது. கடன் ஏறியது. 2004-ல் மெல்போர்ன் மாளிகை விற்கப்பட்டது. 2005-ல் தீவின் ஒரே ஆகாய விமானத்தையும் கடன்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

உடம்பும் கெட்டது. பயிர் செய்ய நிலம் இல்லை. அரிசி, மாவு, சர்க்கரை, டின் இறைச்சி எல்லாம் கப்பலில் வந்தன. உலகிலேயே சர்க்கரை நோய் மிகுந்த நாடுகளில் நவுரு ஒன்றாகிவிட்டது.

யார் குற்றம்?

1989-ல் நவுரு சர்வதேச கோர்ட்டுக்குப் போனது. சுதந்திரத்துக்கு முன்பு பாழாக்கிய நிலத்துக்கு நஷ்டஈடு வேண்டும் என்று ஆஸ்திரேலியா மீது வழக்குப் போட்டது. 1993-ல் ராஜி ஏற்பட்டது. 10 கோடியே 70 லட்சம் டாலர் தர ஆஸ்திரேலியா சம்மதித்தது.

ஆனால் சுதந்திரத்துக்கு முன் தோண்டியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தைத் தோண்டியது நவுருவேதான். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு இல்லை, வயல் இல்லை, விற்க வேறு பொருள் இல்லை. ஒரே ஒரு சரக்குதான் இருக்கிறது. அதை விற்காமல் எப்படிக் குடும்பம் நடத்துவது?

சரக்குத் தீர்ந்ததும் வேறு எதை எதையோ விற்கப் பார்த்தார்கள். 1990-களில் பெயருக்கு மட்டும் நூற்றுக்கணக்கான பாங்கிகளைப் பதிவு செய்துகொள்ள இடம் கொடுத்தார்கள். கறுப்புப்பணம் புகுந்தது. கெட்ட பெயர்தான் மிச்சம். 2001-ல், ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வரும் அகதிகளை அடைத்துவைக்க முகாம் அமைக்கச் சம்மதித்தார்கள். இடையில் மூடிய முகாம் 2012-ல் மறுபடி திறந்தபோது, முதலில் கொண்டுவரப்பட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். இலங்கைத் தமிழர் பலர் அந்தத் தீவில் நாட்களை எண்ணியிருக்கிறார்கள்.

2021-ல் ஆழ்கடல் பக்கம் திரும்பினார்கள். பசிபிக் கடலின் அடியில் உருளைக்கிழங்கு போல உலோக உருண்டைகள் கிடக்கின்றன. அவற்றை அள்ள விரும்பும் கம்பெனிக்கு நவுரு ஆதரவு கொடுத்தது. பிஜி, பலாவு போன்ற அண்டைத் தீவுகள் 'அவசரப்பட வேண்டாம்' என்றன.

மேட்டுக்குத் திரும்ப

கடல் இப்போது கரையை அரிக்கிறது. ஜனங்களில் பெரும்பாலோரைக் கடற்கரையிலிருந்து மேட்டுக்குக் குடியேற்ற சர்க்கார் திட்டம் போட்டிருக்கிறது. பவளத் தூண்களை உடைத்து, நிரவி, மண் போட்டு, ரோடு போட்டு, தண்ணீர் கொண்டுபோய், அதன்பிறகு வீடு கட்ட வேண்டும். முதலில் ஒரு சிறு துண்டு நிலத்தில்தான் வேலை.

பணத்துக்கு என்ன வழி? 2025-ல் குடியுரிமையை விற்கத் தொடங்கினார்கள். தொடங்கியபோது விலை ஒரு லட்சத்து 5 ஆயிரம் அமெரிக்க டாலராக இருந்தது. அன்னியர் யாராவது அதைக் கொடுத்து நவுரு பாஸ்போர்ட் வாங்கினால், அந்தப் பணம் மேட்டைச் சீர் செய்யப் போகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்மூர்க் குடும்பங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். நவுருவில் நிலம் சர்க்காருடையது அல்ல, குடும்பங்களுடையது. தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரிந்து, ஒரே துண்டு நிலத்துக்கு ஏகப்பட்ட பங்காளிகள் இருக்கிறார்கள். கடற்கரையில் வீட்டை விட்டுவிட்டு வரும் குடும்பம், மேட்டில் யாருடைய பங்கில் வீடு கட்டுவது? அந்தப் பங்காளிகள் எல்லோரும் ஒரே நாளில் கையெழுத்துப் போடுவார்களா?